கம்பி வராத வீட்டுக்குச் சூரிய மின்சாரம்: பலகை வாங்கும் முன் ஒரு தாளும் பேனாவும்

2025 ஜூலை 1ஆம் தேதி தீபகற்ப மலேசியாவில் புதிய மின் கட்டண முறை அமலுக்கு வந்தது. அதற்கு முதல் நாள், ஜூன் 30ஆம் தேதியோடு, வீட்டுக் கூரையில் சூரிய மின்சாரம் தயாரித்து உபரியை டிஎன்பிக்குக் கொடுத்துக் கணக்கில் கழித்துக்கொள்ளும் பழைய திட்டம் முடிவுக்கு வந்தது. 2026 தொடக்கத்தில் அதன் இடத்துக்கு ‘சோலார் அத்தாப்’ என்ற புதிய திட்டம் வந்தது. இதில் உபரி மின்சாரத்துக்குக் கட்டணத்தின் எரிசக்திப் பகுதி மட்டுமே கழிவாகக் கிடைக்கும்.

இந்த மாற்றங்களுக்குப் பிறகு தமிழர் வட்டாரத்தில் ஒரு பேச்சு கூடியிருக்கிறது. “டிஎன்பி கம்பியே வேண்டாம், பலகை போட்டு, பேட்டரி வைத்து, சொந்தமாக ஓட்டிக்கொள்ளலாம்” என்பதே அது. குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் காணொளிகள் சுற்றுகின்றன. கோயில் திருவிழாவில் சந்திக்கும் உறவினர்கள் ஒருவரை ஒருவர் விலை விசாரிக்கிறார்கள். விற்பனையாளர்களும் வீடு தேடி வருகிறார்கள்.

கேள்வி ஒன்றுதான். ஆனால் கேட்பவர்கள் மூன்று வகை. தாமான் வீட்டில் இருந்துகொண்டு மாதாமாதம் பில் கட்டிச் சலித்தவர் ஒருவர். ஓய்வுபெற்றபின் வாங்கிய ஐந்தாறு ஏக்கர் செம்பனை நிலத்தில் சிறு வீடு கட்டி, மின்கம்பம் எட்டாமல் நிற்பவர் இன்னொருவர். தோட்டத்து லயத்தில், மின்சாரம் ஒழுங்காக வராத வீட்டில், பிள்ளைகளின் படிப்பை நினைத்துக் கவலைப்படும் பெற்றோர் மூன்றாமவர். மூவருக்கும் ஒரே பதிலைச் சொல்பவர் விற்பனையாளராகத்தான் இருப்பார். உண்மையான பதில் மூவருக்கும் வேறு. அதைக் கண்டுபிடிக்கும் வழி மட்டும் ஒன்று: முதலில் வீட்டின் மின் தேவையை எழுதிக் கணக்குப் பார்ப்பது.

வீட்டுக்கு எத்தனை யூனிட்?

1,000 வாட் சாதனம் ஒரு மணி நேரம் ஓடினால் அது ஒரு யூனிட். டிஎன்பி பில்லில் வருவதும் இதே யூனிட்தான். சூரிய மின்சாரத் திட்டம் தொடங்குவது இங்கே. ஒவ்வொரு சாதனத்தின் பின்புறமும் ஒட்டியிருக்கும் அட்டையில் வாட் அளவு இருக்கும். அதை ஒரு நாளில் எத்தனை மணி நேரம் ஓடுகிறதோ அதனால் பெருக்க வேண்டும்.

ஐந்து பேர் கொண்ட ஒரு நடுத்தர வீட்டை உதாரணமாக எடுத்துக்கொள்ளலாம்.

– 9 வாட் எல்இடி விளக்கு ஐந்து, ஐந்து மணி நேரம்: 225
– 60 வாட் மின்விசிறி இரண்டு, பத்து மணி நேரம்: 1,200
– தொலைக்காட்சி 60 வாட், நான்கு மணி நேரம்: 240
– வைஃபை பெட்டி 10 வாட், நாள் முழுவதும்: 240
– கைப்பேசி மூன்று: 45
– சிறிய இன்வெர்ட்டர் வகைக் குளிர்பதனப் பெட்டி, நாள் முழுவதும்: 1,000
– ரைஸ் குக்கர் 500 வாட், அரை மணி நேரம்: 250
– துணி துவைக்கும் இயந்திரம், ஒரு முறை: 200
– மிக்சி 500 வாட், பத்து நிமிடம்: 80
– அரைக் குதிரைத் திறன் தண்ணீர் பம்பு, ஒரு மணி நேரம்: 370
– இஸ்திரிப் பெட்டி 1,000 வாட், இருபது நிமிடம்: 330

கூட்டினால் 4,180 வாட்-மணி. ஏறக்குறைய 4.2 யூனிட். மாதத்துக்கு 126 யூனிட்.

இந்தப் பட்டியலில் இரண்டு சாதனங்கள் இல்லை. ஒன்று ஏர்கோன். ஒரு குதிரைத் திறன் ஏர்கோன் இரவில் எட்டு மணி நேரம் ஓடினால் வகையைப் பொறுத்து 4 முதல் 6 யூனிட் வரை இழுக்கும். அது ஒன்றே மேலே உள்ள முழு வீட்டுக்குச் சமம். இன்னொன்று குளியலறைச் சுடுநீர்ப் பெட்டி. 3,500 வாட் சுடுநீர்ப் பெட்டியில் ஐந்து பேர் ஆளுக்கு ஐந்து நிமிடம் குளித்தால் ஏறக்குறைய ஒன்றரை யூனிட் போய்விடும். கம்பியில்லா வீட்டுக்குத் திட்டமிடுபவர் முதலில் முடிவெடுக்க வேண்டியது இந்த இரண்டைப் பற்றித்தான். சமையலுக்கு எரிவாயுத் தோம்பு இருப்பதால் அடுப்புக் கணக்கு இதில் வரவில்லை.

பட்டியலைக் குறைக்கவும் வழி இருக்கிறது. 60 வாட் மின்விசிறிக்குப் பதில் 30 வாட்டில் ஓடும் புதிய வகை விசிறியை மாட்டினால் நாளுக்கு 600 வாட்-மணி மிச்சம். இது சின்னத் தொகையாகத் தெரியும். ஆனால் அந்த அளவுக்குப் பேட்டரியில் ஒன்றேகால் யூனிட் கொள்ளளவு குறைவாக வாங்கினால் போதும். சூரிய மின்சார வீட்டில் மின்சாரத்தைச் சேமிக்கும் சாதனத்துக்குச் செலவழிக்கும் பணம், பேட்டரிக்குச் செலவழிக்கும் பணத்தைவிட அதிகம் உழைக்கும்.

டிஎன்பி கம்பி இருப்பவருக்கு

இதே 126 யூனிட்டுக்கு டிஎன்பி எவ்வளவு கேட்கும்? புதிய முறையில் மாதம் 1,500 யூனிட்டுக்கு உட்பட்ட வீடுகளுக்கு எரிசக்திக் கட்டணம் 27.03 சென், திறன் கட்டணம் 4.55 சென், கட்டமைப்புக் கட்டணம் 12.85 சென். சேர்த்தால் யூனிட்டுக்கு 44.43 சென். 600 யூனிட்டுக்குள் பயன்படுத்தும் வீட்டுக்கு மாதம் 10 ரிங்கிட் சில்லறைக் கட்டணம் கிடையாது. மாதம் 200 யூனிட்டுக்குள் நிற்கும் வீட்டுக்குச் சிக்கன ஊக்கத் தொகையாக யூனிட்டுக்கு 25 சென் கழிவும் உண்டு. ஆக, யூனிட்டுக்கு 19.43 சென். 126 யூனிட்டுக்கு 24 ரிங்கிட் 48 சென்.

ஓர் ஆண்டுக்கு 294 ரிங்கிட். பத்து ஆண்டுக்கு 2,940 ரிங்கிட். பலகை, பேட்டரி, இன்வெர்ட்டர், சட்டம், கம்பி, ஆள்கூலி அத்தனையும் இந்தத் தொகைக்குள் அடங்காது. இ-காசே பட்டியலில் பரம ஏழைக் குடும்பமாகப் பதிவு பெற்றவர்களுக்கு மாதம் 40 ரிங்கிட் வரை மின்கட்டணக் கழிவும் உண்டு. அவர்கள் பாக்கெட்டிலிருந்து போவது ஒன்றுமே இல்லை.

எனவே சிறிய பில் வரும் வீடு, டிஎன்பி கம்பியை வெட்டிக்கொண்டு போவதில் பண லாபம் எதுவும் இல்லை. இதை எந்த விற்பனையாளரும் தானாகச் சொல்வதில்லை. ஏர்கோன் மூன்று நான்கு ஓடி, பில் சில நூறு ரிங்கிட்டைத் தாண்டும் நகர வீட்டுக்குக் கணக்கு வேறு. அங்கே பகலில் கூரையில் தயாராகும் மின்சாரத்தை அங்கேயே பயன்படுத்தினால் பில் இறங்கும். அதற்கும் கம்பியை வெட்ட வேண்டியதில்லை. கம்பியோடு சேர்ந்த சூரிய அமைப்பே போதும்.

இங்கே நகரவாசிகள் பலருக்கு ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. கூரையில் பலகை இருந்தால் மின்தடையின்போதும் விளக்கு எரியும் என்று நம்புகிறார்கள். கம்பியோடு இணைந்த சாதாரண அமைப்பு, டிஎன்பி மின்சாரம் நின்ற உடனே தானும் நின்றுவிடும். கம்பத்தில் ஏறிப் பழுது பார்க்கும் ஊழியர் மீது கூரையிலிருந்து மின்சாரம் பாயக்கூடாது என்பதற்காக வைத்த பாதுகாப்பு அது. மின்தடையிலும் விளக்கு எரிய வேண்டுமானால் பேட்டரியும், அதற்கேற்ற ஹைபிரிட் இன்வெர்ட்டரும் தனியாக வேண்டும்.

கம்பி எட்டாத நிலத்துக்கு

செம்பனை நிலத்துக்கு நடுவே வீடு கட்டியவரின் நிலை வேறு. கடைசி மின்கம்பத்துக்கும் வீட்டுக்கும் இடையே தூரம் கூடக் கூட, கம்பம் நட்டுக் கம்பி இழுக்கும் செலவில் வீட்டுக்காரர் பங்கும் கூடும். நில ஆவணம் சரியில்லாத இடத்தில் விண்ணப்பமே நகராது. இப்படிப்பட்டவர் முதலில் டிஎன்பி கிளை அலுவலகத்தில் எழுத்து வடிவில் மதிப்பீடு கேட்பது நல்லது. அந்தத் தொகையைக் கையில் வைத்துக்கொண்டுதான் சூரிய மின்சாரத்தின் விலையை ஒப்பிட முடியும். வெறும் ஊகத்தில் “கம்பி வராது” என்று முடிவு செய்து அதிகம் செலவழித்தவர்களும் உண்டு.

கம்பி உண்மையாகவே கட்டுப்படியாகாது என்றால், பலகைக் கணக்கு இப்படி வரும்.

மலேசியாவில் சூரியன் பன்னிரண்டு மணி நேரம் வானில் இருந்தாலும், முழு வெயிலாகக் கணக்கிட்டால் சராசரியாக நாளுக்கு நான்கு மணி நேரம் அளவுதான் தேறும். பிற்பகல் மழையும் மேகமும் மீதியை எடுத்துக்கொள்கின்றன. நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவமழை அடிக்கும் கிளந்தான், திரங்கானு, கிழக்குப் பகாங் பகுதிகளில் அதுவும் குறையும். ஆகவே மோசமான மாதத்துக்கு மூன்று மணி நேரம் என்று வைத்துத் திட்டமிடுவது பாதுகாப்பு.

பலகையில் தயாராவது முழுவதும் வீட்டுக்கு வராது. சூடு, தூசி, கம்பி, பேட்டரி, இன்வெர்ட்டர் என ஒவ்வொன்றும் கொஞ்சம் விழுங்கும். பத்தில் மூன்று பங்கு அப்படிப் போகும் என்று வைக்கலாம். 4.2 யூனிட் தேவைக்கு 6 யூனிட் தயாராக வேண்டும். அதை மூன்று மணி நேரத்தால் வகுத்தால் 2 கிலோவாட். இப்போது சந்தையில் பரவலாகக் கிடைக்கும் 550 வாட் பலகை நான்கு போட்டால் 2.2 கிலோவாட். மழை மாதத்துக்கும் அது ஈடுகொடுக்கும்.

செலவெல்லாம் பேட்டரியில்

பலகை வெளியே தெரிகிறது. அதனால் எல்லாரும் அதைப் பற்றியே பேசுகிறார்கள். கம்பியில்லா அமைப்பின் உயிரும், பெரும் செலவும், முதலில் கெட்டுப்போகும் பொருளும் பேட்டரிதான்.

ஒன்றரை நாளுக்குத் தேவையான மின்சாரம் பேட்டரியில் இருக்க வேண்டும் என்று வைத்தால் 6.3 யூனிட். லித்தியம் இரும்புப் பாஸ்பேட் வகைப் பேட்டரியை நூற்றுக்கு எண்பது வரை பயன்படுத்தலாம். இன்வெர்ட்டரில் போகும் பத்து விழுக்காட்டையும் சேர்த்தால் 8.75 யூனிட் கொள்ளளவு வேண்டும். 51.2 வோல்ட், 100 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்று 5.12 யூனிட் கொள்ளும். இரண்டு வாங்கினால் 10.24 யூனிட். போதும்.

விலை குறைவு என்று பழைய ஈய-அமிலப் பேட்டரிக்குப் போனால், பாதிக்கு மேல் காலி செய்யக்கூடாது. செய்தால் ஆயுள் சரசரவென்று இறங்கும். அப்படியானால் 14 யூனிட் கொள்ளளவு வேண்டும். 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரி எட்டு. இந்நாட்டு வெப்பத்தில் அவை மூன்று முதல் ஐந்து ஆண்டுகளில் மாற்றத்துக்கு வந்துவிடும். நல்ல லித்தியம் இரும்புப் பாஸ்பேட் பேட்டரி பத்து ஆண்டு அளவுக்கு உழைக்கும். முதல் நாள் விலையை மட்டும் பார்ப்பவர் ஈய-அமிலம் வாங்குவார். பத்து ஆண்டுக் கணக்குப் பார்ப்பவர் வாங்கமாட்டார். லாரிக்கு வாங்கிய காடி பேட்டரியை வீட்டுக்கு மாட்டுவது இன்னும் மோசம். அது எஞ்சினைக் கிளப்பும் ஒரு நொடி உந்துதலுக்குச் செய்தது. இரவு முழுவதும் விசிறி ஓட்டுவதற்குச் செய்ததில்லை.

மழை பற்றியும் ஒரு கணக்கு தெரிந்திருக்க வேண்டும். நல்ல வெயில் நாளில் நான்கு பலகையும் சேர்ந்து வீட்டுக்குத் தருவது ஏறக்குறைய 6.2 யூனிட். அன்றைய செலவு 4.2 போனால், பேட்டரிக்குச் சேர்வது 2 யூனிட் மட்டுமே. இரண்டு நாள் அடைமழையில் காலியான பேட்டரி திரும்ப நிறைய ஏறக்குறைய நான்கு நாள் வெயில் வேண்டும். அதனால்தான் கம்பியே இல்லாத இடத்தில் ஒரு சிறிய ஜெனரேட்டர் ஒதுக்கில் இருப்பது நல்லது. வாரக்கணக்கில் மழை பெய்யும்போது இரண்டு மூன்று மணி நேரம் ஓட்டிப் பேட்டரியை நிரப்பிக்கொள்ளலாம். ஜெனரேட்டர் வைக்காமல் மழையைச் சமாளிக்க நினைத்தால் பேட்டரியை இரட்டிப்பாக்க வேண்டியிருக்கும்.

வீட்டில் இருப்பவர்களின் பழக்கமும் மாற வேண்டும். துணி துவைப்பது, இஸ்திரி போடுவது, தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுவது எல்லாம் காலை பத்து முதல் பிற்பகல் இரண்டுக்குள் முடிந்துவிட்டால் அவை பேட்டரியைத் தொடாமலே ஓடும். மாலையில் பேட்டரி அளவு எத்தனை விழுக்காடு என்று பார்ப்பது, அடுப்படியில் எரிவாயு மிச்சம் பார்ப்பதைப்போல ஒரு வீட்டு வேலையாக வேண்டும். வீட்டுக்காரருக்கு மட்டும் தெரிந்தால் போதாது. வீட்டில் இருக்கும் பாட்டிக்கும் பள்ளிப் பிள்ளைக்கும் தெரிய வேண்டும்.

உயிர் சம்பந்தப்பட்ட விஷயங்கள்

இன்வெர்ட்டரின் அளவை, ஒரே நேரத்தில் ஓடக்கூடிய சாதனங்களைக் கூட்டித் தீர்மானிக்க வேண்டும். பம்பு, குளிர்பதனப் பெட்டி போன்ற மோட்டார் சாதனங்கள் கிளம்பும் நொடியில் பல மடங்கு மின்சாரம் இழுக்கும். மேலே சொன்ன வீட்டுக்கு 3 கிலோவாட், தூய சைன் அலை இன்வெர்ட்டர் ஏற்றது. மலிவான வகையில் மோட்டார்கள் சூடாகி இரையும்.

12 வோல்ட்டில் 2,000 வாட் இழுத்தால் கம்பியில் 167 ஆம்பியர் ஓடும். 48 வோல்ட்டில் அதே வேலைக்கு 42 ஆம்பியர் போதும். காணொளியைப் பார்த்து 12 வோல்ட்டில் முழு வீட்டையும் ஓட்ட முயல்பவர், மெல்லிய கம்பி சூடேறித் தீப்பிடிக்கும் அபாயத்தை வீட்டுக்குள் கொண்டுவருகிறார். பலகையிலிருந்து வருவது நேர் மின்னோட்டம். அதற்குரிய பிரேக்கரைத்தான் போட வேண்டும். வீட்டில் மீந்த சாதாரண பிரேக்கர் அந்தத் தீப்பொறியை அணைக்காது.

உலகில் இடி மின்னல் அதிகம் விழும் நாடுகளில் மலேசியாவும் ஒன்று. திறந்த செம்பனை நிலத்தில் இரும்புச் சட்டத்தோடு நிற்கும் பலகை மின்னலுக்கு நல்ல இலக்கு. மண்ணிணைப்பும் மின்னெழுச்சித் தடுப்பானும் விலைப்பட்டியலில் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். பேட்டரியை நிழலும் காற்றோட்டமும் உள்ள இடத்தில் வைக்க வேண்டும். சமையலறையிலும் படுக்கை அறையிலும் வைக்கக் கூடாது. இணைப்பு வேலையை எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற வயர்மேனிடம் ஒப்படைப்பதே முறை.

பலகையைத் தெற்கு நோக்கி, ஏறக்குறைய 10 பாகை சாய்வில் வைத்தால் மழையே பாதித் தூசியைக் கழுவிவிடும். செம்பனை ஓலை நிழல் ஒரு மூலையில் விழுந்தாலும் வரிசை முழுவதும் மின்சாரம் இறங்கும். பழைய வீடுகளின் கூரை ஆஸ்பெஸ்டாஸ் தகடாக இருந்தால் அதைத் துளைக்கவே கூடாது. அந்தத் தூள் நுரையீரலுக்கு நஞ்சு. தரையில் இரும்புச் சட்டம் நட்டுப் பலகையை ஏற்றுவதே சரி.

குறைந்த செலவில் தொடங்க

எல்லாருக்கும் நான்கு பலகை தேவைப்படாது. நிலத்தில் இரவு தங்கும் குடிசைக்கு மூன்று விளக்கு, ஒரு நேர் மின்னோட்ட விசிறி, கைப்பேசிக்கு மின்னேற்றம் போதும் என்றால் நாளுக்கு 400 வாட்-மணிதான். 200 வாட் பலகை ஒன்றும், 12 வோல்ட் 100 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி ஒன்றும் அதற்குத் தாராளம். இன்வெர்ட்டரே தேவையில்லை. இந்த அளவில் தொடங்கி ஓர் ஆண்டு பழகியவர், பெரிய அமைப்பு வாங்கும்போது ஏமாறமாட்டார்.

சரவாக் காட்டும் பாடம்

கம்பி எட்டாத இடத்தில் சூரிய மின்சாரம் உண்மையில் வேலை செய்யுமா என்ற சந்தேகத்துக்கு இந்நாட்டிலேயே பதில் இருக்கிறது. சரவாக்கின் உட்பகுதிக் கிராமங்களுக்காக 2016இல் தொடங்கிய மாற்று ஊரக மின்மயத் திட்டம், ஆற்றுவழியில் மட்டுமே போய்ச் சேரக்கூடிய நீள்வீடுகளுக்கும் தனிச் சூரிய அமைப்புகளைக் கொண்டுசேர்த்தது. அங்கே ஒரு குடும்பத்துக்கு ஒதுக்கும் அளவு நாளுக்கு 3 யூனிட். விளக்கு, விசிறி, தொலைக்காட்சி, சிறிய குளிர்பதனப் பெட்டி, ரைஸ் குக்கர் ஆகியவை அதற்குள் அடங்குகின்றன.

கவனிக்க வேண்டியது இரண்டு. முதலாவது, அங்கே அளவை முதலில் நிர்ணயித்தார்கள். 3 யூனிட்டுக்குள் வாழ்வது எப்படி என்று குடும்பங்கள் பழகிக்கொண்டன. இரண்டாவது, அமைப்பை நிறுவும்போதே கிராம மக்கள் கூட்டு வேலையில் இறங்கினார்கள். அன்றாடப் பராமரிப்பை அவர்களே பார்க்கப் பயிற்சியும் பெற்றார்கள். பலகையைக் கொடுத்துவிட்டுப் போகும் திட்டங்கள் சில ஆண்டுகளில் துருப்பிடித்து நிற்பதும், பழுது பார்க்கத் தெரிந்த ஒருவர் ஊரில் இருக்கும் திட்டங்கள் ஓடிக்கொண்டே இருப்பதும் எங்கும் காணும் வேறுபாடு.

தோட்டத்து லயத்துக்குப் பதில் வேறு

மூன்றாமவரின் கேள்விதான் கனமானது. மாலையில் சில மணி நேரம் ஜெனரேட்டர் ஓடி, அது நின்றதும் மண்ணெண்ணெய் விளக்கில் வீட்டுப் பாடம் எழுதிய காலம் தோட்டத்து மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். பெரும்பாலான தோட்டங்களுக்குக் கம்பி வந்துவிட்டது. ஆனாலும் ஒதுக்குப்புறமான, கைமாறிய, ஆள் குறைந்த தோட்டங்களில் மின்சாரம் இன்னும் சிக்கலாக இருக்கும் வீடுகள் உண்டு. அந்த வீட்டுக்காரரிடம் “சோலார் போட்டுக்கொள்ளுங்கள்” என்று சொல்வது எளிது. அதைச் சொல்லும் முன் சட்டத்தைப் பார்க்க வேண்டும்.

தொழிலாளர் குடியிருப்பு, வசதிகளுக்கான குறைந்தபட்சத் தரச் சட்டம், 1990, அதாவது 446ஆம் சட்டம், தோட்டத் தொழிலாளருக்கு வீடு கொடுக்கும் முதலாளி குழாய்த் தண்ணீரை இலவசமாகவும், மின்சாரத்தைப் போதிய அளவிலும் கிடைக்கச் செய்ய வேண்டும் என்கிறது. 2019இல் திருத்தம் பெற்ற பிறகும் அந்தக் கடமை நீடிக்கிறது. அதைக் கண்காணிக்கும் பொறுப்பு மனிதவள அமைச்சின் கீழ் உள்ள தொழிலாளர் இலாகாவுக்கு உண்டு. ஆகவே லயத்தில் மின்சாரம் இல்லை என்றால் அது அந்தக் குடும்பத்தின் தனிப்பட்ட குறையாகாது. முதலாளி நிறைவேற்றாத கடமை. தொழிலாளி கடன் வாங்கிப் பலகை மாட்டினால், முதலாளி செய்ய வேண்டிய செலவைத் தொழிலாளியே சுமக்கிறார் என்றுதான் பொருள்.

முதல் படி, நிர்வாகத்துக்கு எழுத்து வடிவில் கோரிக்கை. எத்தனை வீடு, எத்தனை மணி நேரம் மின்சாரம், எத்தனை நாள் தடை என்று தேதியோடு எழுதிய கடிதம். வாய்ப்பேச்சு எங்கும் பதிவாகாது. பதில் இல்லையென்றால் அதே கடிதத்தின் நகலோடு தொழிலாளர் இலாகாவிலும் தொழிற்சங்கத்திலும் புகார். தோட்டம் கைவிட்ட நிலையில் கிராமமாகவே மாறிவிட்ட குடியிருப்பு என்றால், ஊரக, வட்டார மேம்பாட்டு அமைச்சின் ஊரக மின்விநியோகத் திட்டத்தில் இடம் உண்டா என்று கேட்பதும் பயன் தரும். அந்தத் திட்டத்தில் கம்பி எட்டாத இடங்களுக்குச் சூரிய-ஹைபிரிட் அமைப்பும் உண்டு.

அந்தக் கோரிக்கை நகரும் வரை பிள்ளைகள் இருட்டில் இருக்க வேண்டுமா? வேண்டாம். மேலே சொன்ன 200 வாட் சிறிய அமைப்பு இங்கே கைகொடுக்கும். ஆனால் வீடு தோட்டத்துக்குச் சொந்தம். வேலை முடிந்தால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். தோட்டமே விற்பனைக்கும் போகலாம். எனவே கழற்றிக்கொண்டு போகக்கூடிய அமைப்பாக இருக்க வேண்டும். கூரையில் பொருத்தாமல் தரைச் சட்டத்தில் நிறுத்தி, பேட்டரியை ஒரு பெட்டியில் வைத்தால், வீடு மாறும்போது லாரியில் ஏற்றிக்கொள்ளலாம். நிர்வாகத்தின் அனுமதியை எழுத்தில் வாங்கிக்கொள்வதும், “இது தற்காலிக ஏற்பாடு, மின்சாரக் கோரிக்கை நீடிக்கிறது” என்று அதே கடிதத்தில் குறிப்பிடுவதும் புத்திசாலித்தனம். இல்லையென்றால் “அவர்களுக்குத்தான் சோலார் இருக்கிறதே” என்று கோப்பு மூடப்பட்டுவிடும்.

விற்பனையாளரிடம் கேட்க வேண்டியவை

பணம் கட்டும் முன் ஐந்து கேள்விகள். வீட்டு மின் தேவையைப் பட்டியல் போட்டு எத்தனை யூனிட் என்று எழுதித் தருவாரா? பேட்டரியின் கொள்ளளவு எத்தனை யூனிட், அதில் எத்தனை விழுக்காடு பயன்படுத்தலாம்? மழை மாதத்துக்கு எத்தனை மணி நேர வெயில் என்று வைத்துக் கணக்குப் போட்டார்? பலகை, இன்வெர்ட்டர், பேட்டரி ஒவ்வொன்றுக்கும் உத்தரவாதம் யார் தருவது, எத்தனை ஆண்டு? பழுதானால் உள்நாட்டில் யார் வந்து பார்ப்பார்?

“இது 3 கிலோவாட் செட், வீடு முழுக்க ஓடும்” என்பது பதிலாகாது. கிலோவாட் என்பது ஒரு நொடியில் எவ்வளவு கொடுக்கும் என்பதன் அளவு. இரவு முழுவதும் எவ்வளவு கொடுக்கும் என்பதை யூனிட்தான் சொல்லும். இந்த இரண்டையும் குழப்பித்தான் பாதி விற்பனை நடக்கிறது. பலகைக்கு 25 ஆண்டு உத்தரவாதம் என்பார்கள். முதலில் கெடும் பேட்டரிக்கும் இன்வெர்ட்டருக்கும் எத்தனை ஆண்டு என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

சூரியன் இலவசம் என்பது உண்மை. அதைச் சேமித்து இரவுக்குக் கொண்டுவருவது இலவசமாக வராது. தாமான் வீட்டுக்காரர் கம்பியை வைத்துக்கொண்டு பில்லைக் குறைக்கப் பார்க்கலாம். நிலத்து வீட்டுக்காரர் கணக்குப் போட்டு, பேட்டரிக்கு ஏற்ப வாழ்க்கையை அமைத்துக்கொண்டு, நிம்மதியாக விளக்கேற்றலாம். லயத்துக் குடும்பம் தன் உரிமைக் கடிதத்தை எழுதிய பிறகு, சிறிய பலகையை வாங்கலாம். மூவருக்கும் முதல் செலவு ஒன்றுதான்: ஒரு தாள், ஒரு பேனா, சாதனங்களின் பின்புறம் இருக்கும் எண்களைப் பார்த்து எழுத ஒரு மாலை நேரம்.